ஒன்பது நாய்களும் ஒரு பகல் தூக்கமும்

அன்று வேட்டைக் கொட்டகையில் இருந்தவர்கள்: குழுத்தலைவர் நேரியோ, எழுபத்து நான்கு வயது, சுவரைப் பார்த்தபடி. லோரிஸ், கையில் கத்தியோடு மேசையருகே. எர்மெஸ், நாய்க்காரர்; ஒன்பது வேட்டைநாய்களும் அவருடையவை. மற்ற வேட்டைக்காரர்கள் பதினான்கு பேர், சேறு காயாத பூட்ஸோடு. அடுப்பருகே நான், நான் துப்பாக்கி தொட்டதில்லை, வேட்டை நாட்களில் களி கிண்டிப் பாத்திரம் கழுவுகிறவன். கதவை ஒட்டி ஒரியெல்லா.

ஒரியெல்லா வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வருஷாவருஷம் அவள் புருஷன் வில்மெர்தான் வந்து பங்கை வாங்கிப்போவான். குழு யாருடைய நிலத்தின் வழியாகப் போகிறதோ அவர்களுக்கும் ஒரு பங்கு கறி உண்டு. பதினேழு பேருக்குப் பதினேழு, நாய்க்காரருக்கு உபரியாக ஒன்று, நிலக்காரர்கள் நாலு பேருக்கு நாலு. ஆக இருபத்திரண்டு குவியல். தராசு கிடையாது. கண் அளவுதான். எல்லாம் பிரித்து வைத்ததும் தலைவர் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பார். லோரிஸ் ஏதாவது ஒரு குவியல்மேல் கத்தி முனையை வைத்து, இது யாருக்கு என்று கேட்பான். தலைவர் சுவரைப் பார்த்துக்கொண்டே ஒரு பெயர் சொல்வார். நல்ல தொடை யாருக்கு, எலும்பு யாருக்கு என்று அவருக்குத் தெரியாது. அதனால் யாரும் சண்டை போட முடியாது.

வெளியே காலையிலிருந்து சிறு தூறல். கஷ்கொட்டை இலைகள் வாசல்வரை வந்து ஒட்டிக்கிடந்தன. அன்று மூன்று பன்றி. ஒன்று நூறு கிலோ இருக்கும்.

வில்மெரோடு ஓட்டுத் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்திருக்கிறேன். பள்ளத்தாக்கில் தரை ஓடு சுடும் சூளை. நூறு மீட்டர் நீளம். இந்த முனையில் ஈர ஓடு போகும், அந்த முனையில் வெந்து வரும். வெந்து வருகிற முனையில் நிற்பவன் விரிசல் விட்டதைப் பொறுக்கி எறிய வேண்டும். எட்டு மணி நேரம். அந்த வேலைக்கு மூளை வேண்டாம். கண் மூடாமல் இருந்தால் போதும். பகலில் தூங்கினால்தான் ராத்திரி கண் மூடாது. எனக்குப் பகலில் தூக்கம் வராமல் போயிற்று, விட்டுவிட்டேன். வில்மெர் விடவில்லை. பென்ஷனுக்கு இன்னும் இருபத்திரண்டு மாதம் இருந்தது.

அவன் வீட்டுக்கும் எர்மெஸ் வீட்டுக்கும் நடுவே ஒரு மண்பாதை, நாற்பது அடி. நாய்ப்பட்டி பாதையின் அந்தப் பக்கம். பதினாலு வருஷமாக அங்கேதான் இருக்கிறது. இந்த வருஷம் மார்ச்சில் நாய்கள் குரைக்க ஆரம்பித்தன. ஒன்று தொடங்கும், ஒன்பதும் சேர்ந்துகொள்ளும். காலை எட்டிலிருந்து சாயந்திரம் ஐந்துவரை.

வில்மெர் காதில் மெழுகு அடைத்துப் பார்த்தான். பரணில், வினிகர் பீப்பாய்களுக்கு நடுவே படுத்துப் பார்த்தான். ஒரு வாரம் கண்ணெல்லாம் எரிந்ததுதான் மிச்சம். கடைசியில் கல்லறைத்தோட்டத்து மதில் ஓரமாகக் காரை நிறுத்தி அதில் படுத்தான். போகிறவர் வருகிறவர் கண்ணாடியைத் தட்டி, "இப்பவே எடம் பிடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரியெல்லா நாய்களுக்குச் சீஸ் தோல் போட்டுப் பார்த்தாள். வாய் மூடும் என்று நினைத்தாள். அதற்குப் பிறகு அவள் தலை தெரிந்தாலே இன்னும் பலமாகக் குரைத்தன.

செப்டம்பரில் சூளை முனையில் நின்றபடியே வில்மெர் கண்ணசந்தான். ஓடுகள் வந்து நெரிந்தன. எடுத்துவிட ஓடிவந்தவனுக்கு இரண்டு விரல் போயிற்று. இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை என்று தொழிற்சாலை கடிதம் கொடுத்தது. அக்டோபரில் வேலை முடிந்து வரும்போது வளைவில் காரை ஓடைக்குள் இறக்கினான். நெற்றியில் ஆறு தையல். டாக்டர் கேட்டதற்கு, தூங்கவில்லை என்று மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகுதான் ஒரியெல்லா நாய்ச் சத்தம் பற்றி ஊராட்சிக்கு மனு எழுதினாள். சத்தம் அளக்கும் கருவியோடு ஆள் வருவார், எந்த நாள் வசதி என்று அலுவலகத்தில் கேட்டார்கள். பன்றித்தொடை பதப்படுத்தும் ஆலையில் அவளுக்குப் புதன்கிழமை லீவு. புதன் என்றாள். புதன், சனி, ஞாயிறு வேட்டை நாள் என்று இந்த மலையில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அவளுக்குத் தெரியாதா? களைப்பில் வாய் சொல்லிவிட்டது. கருவிக்காரர் வந்தபோது பட்டி காலி. ஒன்பதில் காலொடிந்த கிழநாய் ஒன்று மட்டும் வெயிலில் படுத்திருந்தது. அவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து, தொந்தரவு ஏதும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். இனி ஜனவரியில்தான் வருவார். வில்மெர் ஜனவரிவரை தாங்கமாட்டான்.

"இது யாருக்கு?" என்றான் லோரிஸ்.

"வில்மெருக்கு," என்றார் நேரியோ சுவரிடம்.

"குடுக்காதே," என்றார் எர்மெஸ்.

லோரிஸின் கத்தி குவியல்மேல் நின்றது.

"என் நாய் மேல மனு எழுதிப் போட்டவங்க, என் நாய் கிளப்பின பன்னிய எதுக்குத் திங்கணும்?"

"தலைவரே, கத்திய எடுக்கவா, வைக்கவா?"

"வச்ச கத்திய வச்சபடி வை. எவனும் எதையும் தொடாதீங்க. நான் இப்ப திரும்பினா பங்கு கெட்டுது. மறுபடி மொதல்லேருந்து கலந்து பிரிக்கணும். களி ஆறிப்போகும்," என்றார் நேரியோ. அவர் திரும்பவில்லை.

"எனக்குக் கறி வேணாம்," என்றாள் ஒரியெல்லா. "கறிக்கு வரல நான்."

"பின்ன?"

"இவரு என்னைப் பாதையில வச்சுப் பொய்க்காரின்னு சொன்னாரு. இத்தனை பேர் முன்னாடி ஒருதரம் சொல்லட்டும்."

"சொல்றதுக்கென்ன? பொய்க்காரிதான்." எர்மெஸ் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஆறடி உருவம், அறுபது வயது. ஆற்று மணல் லாரி ஓட்டுகிறவர். "சாயந்திரம் நான் வீட்ல இருக்கேன். ராத்திரி இருக்கேன். லீவு நாள்ல இருக்கேன். ஒரு சத்தம் வராது. ஒரு முனகல் வராது. அளக்க வந்த ஆளும் அதைத்தானே எழுதிட்டுப் போனான்?"

"ஊர்ப்பக்கம் நாய் குரைக்காம பூனையா குரைக்கும்?" என்றான் பெஞ்சில் இருந்த ஒருவன். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"சிரிங்க," என்றாள் ஒரியெல்லா. "நீங்கல்லாம் ராத்திரி தூங்குறவங்க. உங்களுக்குச் சிரிப்பு வரும்."

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"இதைத்தான் ஆகஸ்டுல போட்டுக் காட்டினா," என்றார் எர்மெஸ். "அது எவனோட நாயோ. என் நாயோட குரல் எனக்குத் தெரியாதா? குட்டியிலேருந்து நான் வளர்த்தது. இப்படிக் கத்தாது அதுங்க."

"உங்களுக்குக் காட்டல. இவங்களுக்குக் காட்டுறேன்."

போனை மேசையில், கறிக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். கொட்டகை முழுக்க நாய்ச் சத்தம்.

இவர்களின் காதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காட்டில் இவர்கள் நாயைப் பார்ப்பதே இல்லை. நாய் கீழே ஓக் மரங்களுக்குள் ஓடும், இவர்கள் மேலே மேட்டில் ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள். குரலை வைத்துத்தான் எல்லாம். எந்த நாய், பழைய தடமா புதிய தடமா, பன்றி நிற்கிறதா ஓடுகிறதா, இந்தப் பக்கம் வருகிறதா என்று குரலிலேயே தெரிந்துகொள்வார்கள். தப்பாகக் கேட்டவன் மேல் பன்றி வந்து விழும்.

சிரித்தவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"மோரா," என்று நாயின் பெயரைச் சொன்னான் லோரிஸ் தன்னையறியாமல்.

"பின்னால ஸ்பீனோ," என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"மறுபடி போடு," என்றார் நேரியோ. நெற்றியைச் சுவரில் ஒட்டிக்கொண்டு கேட்டார். அடுப்பில் களி கொப்பளித்து என் கையில் தெறித்தது.

"ஒன்பதையும் எண்ணிட்டேன். எல்லாம் உன்னுதுதான், எர்மெஸ்."

"இந்த மாதிரி அதுங்க கத்தினதே இல்ல."

"காட்டுல கத்தினதில்ல. ஒத்துக்கிறேன். இது பன்னியைப் பார்த்த குரல் இல்ல. அந்நிய ஆளைப் பார்த்த குரலும் இல்ல. போன வருஷம் மோரா ஆத்துக்கு அந்தக் கரையில மாட்டிக்கிட்டு ரெண்டு நாள் கத்துச்சே, அந்தக் குரல். ஆளைத் தொலைச்ச நாய் கூப்பிடுற குரல். நீதான போய்த் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தே?"

எர்மெஸ் மேசையில் கிடந்த போனைத் தன் பக்கம் திருப்பினார்.

"பொண்ணே, இது எத்தனை மணிக்குப் பிடிச்சது?" என்றார் நேரியோ.

"காலையில ஒன்பதே கால். அஞ்சு மணி வரைக்கும் இதேதான்."

"அஞ்சுக்கு ஏன் நிக்குது?"

"இவரு லாரி வளைவுல திரும்புற சத்தம் கேட்டதும் நின்னுடும்."

"அப்ப இவன் கேக்க வழியே இல்ல," என்றார் நேரியோ. "எப்பலேருந்து?"

எர்மெஸ் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து மேசைமேல் போட்டார். மனுவின் நகல். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. "அதுல எழுதியிருக்காளே. மார்ச்சுலேருந்தாம். பதினாலு வருஷமா அதே எடத்துல கெடக்குற நாய், மார்ச் மாசம் திடீர்னு குரைக்குமாம். கேக்குறவன் கேனையனா இருந்தா…"

அங்கே நின்றுவிட்டார்.

யோனெஸைப் பிப்ரவரி இருபத்தாறாம் தேதி புதைத்தோம். எர்மெஸின் மனைவி. மூன்று நாள் கழித்து அவர் லாரிக்குப் போய்விட்டார். யோனெஸ் வெளியே தலைகாட்டாதவள். காலையிலிருந்து சாயந்திரம்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பின்னலாடைப் பட்டறைக்காகச் சட்டைக்குக் கழுத்துப்பட்டி தைத்துக் கொடுப்பாள். தையல் மெஷின் ஓடும், நிற்கும், ஓடும். அவள் அந்த வீட்டில் இருந்ததையே ஊரில் பாதிப் பேர் மறந்திருந்தார்கள். மார்ச் என்று தன் கையால் எழுதிய ஒரியெல்லாவுக்கும் அது தோன்றவில்லை. சாவுக்கு அவள் ரவை கேக் செய்துகொண்டு போய்க் கொடுத்திருந்தாள்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கறிக்குவியல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டி.வி.யைப் போட்டுட்டுப் போயேன்," என்றான் ஒருவன். "ஆள் சத்தம் கேக்குமில்ல?"

"போட்டுட்டுத்தான் போறேன். பிப்ரவரிலேருந்து அதை அணைச்சதே இல்ல."

"அதுங்களுக்கு வித்தியாசம் தெரியும்," என்றார் நேரியோ. "ஆள் வேணும்."

"ஆளுக்கு எங்க போக? எம் பொண்ணு பெல்ஜியத்துல இருக்கா. இந்த மலையில பகல்ல சும்மா கெடக்குறவன் எவன்?"

"ஒருத்தன் இருக்கான்," என்றாள் ஒரியெல்லா. "பகல்ல படுக்க எடம் தேடிக்கிட்டுத் திரியுறான். உங்க வீட்ல படுக்கட்டும்."

லோரிஸ் சிரித்துவிட்டான். "வில்மெரை நாய்க்குக் காவல் போடுறதா? நல்லாயிருக்கு. சங்கிலி வேற தனியா வாங்கணுமா?"

"மூடுடா வாயை," என்றார் எர்மெஸ். தொப்பியை எடுத்துக் கையில் சுற்றினார். ரொம்ப நேரம் சுற்றினார். பிறகு, "கட்டில் இருக்கு," என்றார். "மெத்தை இல்ல. அவ போன அன்னைக்கே எரிச்சுட்டேன்."

"நீங்க எதுல படுக்குறீங்க?"

"சமையக்கட்டு சோபாவுல."

"மெத்தை நாங்க கொண்டு வரோம்."

"மனு?"

"அவன் ஒரு வாரம் தூங்கட்டும். தூங்கினா கிழிச்சுடுறேன்."

"சரி," என்றார் எர்மெஸ்.

"முடிஞ்சுதா?" என்றார் நேரியோ. "கழுத்து வலிக்குது எனக்கு. லோரிஸ், யாருக்குன்னு கேளு."

"கேட்டாச்சு தலைவரே. வில்மெருக்குன்னு சொன்னீங்க."

"அப்ப அந்தப் பொண்ணு கையில குடு. அடுத்தது."

இந்தமுறை எர்மெஸ் தடுக்கவில்லை. ஒரியெல்லா பையை விரித்துப் பிடித்தாள். முன்னங்கால், பாதி விலா. எலும்புதான் அதிகம்.

மறுநாள் விடிந்ததும் மெத்தை தூக்க என்னைக் கூப்பிட்டாள். அவர்கள் கட்டில் பெரியது. மெத்தை இரண்டு, சேர்த்துப் போட்டிருந்தது. வில்மெர் பக்கத்து மெத்தையை உருவி எடுத்தோம். அடியில் மரச்சட்டங்கள் தெரிந்தன. ஒரு பழைய காலுறை கிடந்தது. அவள் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

நாற்பது அடிப் பாதையை மெத்தையோடு கடந்தோம். ஒன்பது நாய்களும் கம்பியருகே வந்து நின்று வாலை ஆட்டின. சத்தமே இல்லை.

"பாரு. ஒண்ணும் தெரியாத பிள்ளைங்க மாதிரி," என்றாள்.

அந்த வீட்டு மாடிக்கு அவள் ஏறுவது அதுவே முதல்முறை. ஜன்னலோரம் தையல் மெஷின், மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தது. ஊசியில் நீல நூல் இருந்தது. எர்மெஸ் வாசற்படியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"அவ எந்தப் பக்கம் படுப்பா?" என்று ஒரியெல்லா கேட்டாள்.

"சுவர்ப் பக்கம்."

மெத்தையை மறுபக்கம் போட்டாள். விரிப்பை இழுத்து மூலைகளைச் செருகினாள்.

வில்மெர் ஏழேகாலுக்கு வந்தான். புருவத்தில் வெள்ளைத் தூசி, கண் இரண்டும் சிவப்பு. முந்தின நாளே அவனிடம் சொல்லியிருந்தாள். சரி என்று சொன்னானாம். குடை எடுத்துக்கொண்டு போ என்றாலும் அதே மாதிரிதான் சொல்லியிருப்பான்.

"குறட்டை விடுவியா?" என்று கேட்டார் எர்மெஸ்.

"இவளைக் கேளு."

"விடுவான். சுவர்ல மாட்டின படம் ஆடும்," என்றாள் ஒரியெல்லா.

"அப்ப சரி. அதுங்களுக்குக் கேக்கும். கதவை நான் வெளியேருந்து பூட்டுவேன். பூட்டாம விட்டா காத்துல தொறந்துக்கும், அப்புறம் அடிச்சுக்கிட்டே இருக்கும்."

"தீப்பிடிச்சா?"

"ஜன்னல் இருக்கு. குதிச்சா கோழிக்கூண்டு மேல விழுவான். கோழிக்குத்தான் சேதம்."

வில்மெர் படியேறிப் போனான். பூட்ஸ் விழும் சத்தம் ஒன்று கேட்டது. இரண்டாவது பூட்ஸ் விழவே இல்லை.

லாரி வளைவில் மறைந்தது. நானும் ஒரியெல்லாவும் பாதையில் நின்றோம். அவள் ஆலைக்குப் போக வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. எட்டானது. எட்டே கால். மோரா எழுந்து தலையைத் தூக்கி மாடி ஜன்னலைப் பார்த்தது. பிறகு இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்தது. மற்றவையும் படுத்தன.

அவன் ஒன்பது மணி நேரம் தூங்கினான். செவ்வாய் ஒன்பது. வியாழன், வெள்ளி அப்படியே. புதன்கிழமை எர்மெஸும் நாய்களும் காட்டுக்குப் போய்விட்டார்கள். அன்றும் அங்கேயே தூங்கினான். ஒரியெல்லாவுக்கு அன்று லீவு. சனிக்கிழமை மனுவை எல்லார் முன்னாலும் கிழித்து என் அடுப்பில் போட்டாள். எர்மெஸ் அவளுக்கு வைன் ஊற்றிக் கொடுத்தார். வில்மெர் முகத்தில் மறுபடி களை வந்திருந்தது. நெற்றித் தழும்பு வெளுத்துக்கொண்டு வந்தது. சூளை முனையில் ஒரு ஓடுகூடத் தவறவில்லை என்று ஃபோர்மன் சொன்னதாகச் சொன்னான்.

அவன் ஐந்துக்கு எழுவான். எர்மெஸ் வந்து கதவைத் திறப்பார். இருவரும் சமையல்கட்டில் காப்பி குடிப்பார்கள், நாய்களுக்கு ரொட்டி ஊறவைப்பார்கள். பிறகுதான் வீட்டுக்கு வருவான். சூப்பு குடிப்பான். ஒன்பதுக்குக் கிளம்பிவிடுவான்.

அதற்கடுத்த புதன்கிழமை எர்மெஸின் வேனில் கொட்டகைக்குப் போகக் காத்திருந்தேன், மடியில் வெங்காய மூட்டையோடு. நாய்களை ஏற்றியாகிவிட்டது. வில்மெரின் கார் வந்து நின்றது. தன் வீட்டு வாசலில் இல்லை, இந்தப் பக்கம். ஒரியெல்லா பாதையைக் கடந்து வந்தாள். லீவு நாள், தலையை வாரி, நல்ல ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"இன்னைக்குப் புதன்," என்றாள். "நாய் இல்ல. வீட்லயே படு."

வில்மெர் அவளைப் பார்த்தான். கோபமில்லை. "மெத்தை இங்கல்ல இருக்கு," என்றான்.

"எம் பக்கம் இருக்கே."

"அது உன்னுது. எனக்கு அதுல தூக்கம் வராது." கொஞ்சம் யோசித்தான். "அங்க காது எதையோ கேட்டுக்கிட்டே இருக்கு, ஒரியெல்லா. இல்லாத சத்தத்தக்கூட. இங்க கேக்கல."

"இருபத்தோரு மாசமும் இங்கதானா?"

"தெரியல."

எர்மெஸ் சாவியோடு நின்றார். வேனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நான் வேணும்னா…" என்றார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றாள் அவள். "சத்தம் நிக்கணும்னுதான் கேட்டேன். நின்னுடுச்சு."

கையில் கொண்டுவந்திருந்த சுத்தமான தலையணை உறையை வில்மெரிடம் கொடுத்தாள். அவன் அதை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனான். எர்மெஸ் கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றி, பிடியை ஒருதரம் அசைத்துப் பார்த்தார்.